தத்துகிற அம்பாசடரும் அரிசி ஆலை ரப்பரும்

எங்கள் வாழைத்தோட்டம் குடமுருட்டி ஆற்றுப் படுகையில் இருக்கிறது. அங்கிருந்து கரைச் சாலைக்கு ஏற ஒரே ஒரு சரிவுதான். நாற்பதடி நீளத்துக்குள் எட்டடி உயரும். கீழே களி, நடுவில் எப்போதோ கொட்டிய செங்கல் கப்பி, தார் தொடங்குகிற இடத்தில் ஒரு முண்டு. கோடையில் எந்த வண்டியும் ஏறிவிடும். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் டிராக்டரே யோசிக்கும்.

மாமா எனக்குக் கொடுத்த 1998 அம்பாசடர் அந்தக் கப்பியில் கால் வைத்ததும் ஆடத் தொடங்கும். சக்கரம் வழுக்கிச் சுற்றினால்கூடப் பரவாயில்லை. இது தவளை மாதிரி தத்தும். பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பேசினால் குரல் துண்டு துண்டாக வரும். ஆக்சிலரேட்டரை எடுத்தால் நின்றுவிடும், மிதித்தால் மறுபடி தடதட. ஒரே வருடத்தில், எஞ்சினின் சுற்றைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற புரொபல்லர் ஷாஃப்டில் இரண்டு கிராஸ் (மூட்டு), கியர்பாக்ஸ் அடியில் ஒரு மவுண்ட் ரப்பர் போனது. மூன்றாவது கிராஸை வாங்கிக்கொண்டு வரும்போதுதான், கிராஸை மாற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது.

நான் கார் மெக்கானிக் இல்லை. அரிசி ஆலையில் ஃபிட்டர். மோட்டார், பெல்ட், ஷாஃப்ட் இவற்றோடுதான் பிழைப்பு. ஆனால் இந்தக் கோளாறு எனக்குப் பழக்கமானது என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் செய்தது தப்பு. பின்னால் குதிக்கிறது என்றால் ஷாக் அப்சார்பர் போயிருக்கும் என்று முடிவு கட்டி, இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டேன். பள்ளத்தில் விழுந்து எழும்போது வண்டி நிதானமாக நின்றது, உண்மை. சரிவில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து, பின் அச்சின் மேல் எடையைத் தாங்குகிற பட்டை ஸ்பிரிங் (வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு) தளர்ந்திருக்கும் என்று கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கச் சொன்னேன். வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரிந்தது, தத்தல் மட்டும் அப்படியே. பதினைந்து நாளில் அந்தப் பட்டையை உருவிவிட்டேன்.

அந்த நாட்களில்தான் வெல்டிங் பட்டறை அண்ணன் சொன்னார்: "தம்பி, இதுக்கு ஏன் இவ்ளோ மண்டைய ஒடச்சிக்கிற? ரெண்டு மூட்ட நெல்ல டிக்கில போட்டு ஏத்திப் பாரு." போட்டுப் பார்த்தேன். 60 கிலோ மூட்டை இரண்டு. ஒரு தத்தல்கூட இல்லாமல் ஏறியது! அவர் சொன்னது சரிதான், டயரின் மேல் எடை கூடினால் பிடி விடாது. ஆனால் வருடம் முழுக்க நெல் மூட்டையோடு கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போக முடியாதே.

சரி, என்னதான் நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுவோம் என்று, பக்கத்து வீட்டுப் பையனைச் சரிவுக்கு வெளியே, சக்கரம் வரவே முடியாத மதகுச் சுவருக்குப் பின்னால் உட்கார வைத்தேன். போனில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி இருந்தது. படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினால், ஒரு தத்தலிலிருந்து அடுத்த தத்தலுக்கு 20 படம். அதாவது விநாடிக்கு 12 தடவை. அதைவிட முக்கியமாக, சக்கரம் மேலே எழும்புவதற்கு முன்னால் கிரவுன் வீட்டின் (பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கிற ஹவுசிங்) மூக்கு, புரொபல்லர் ஷாஃப்ட் வந்து சேருகிற அந்த முனை, மேலே நிமிர்ந்தது. அப்புறம் வெடுக்கென்று கீழே விழுந்தது. சக்கரம் குதித்தது அதற்குப் பிறகு.

ஆலையில் அடி போல்ட் தளர்ந்த மோட்டாரை ஸ்டார்ட் செய்தால் இப்படித்தான் இருக்கும். ரோட்டார் ஒரு பக்கம் சுற்ற, உடம்பு எதிர்ப்பக்கம் உதறும். காரிலும் அதே கதை. எஞ்சினின் முறுக்கு முதல் கியரிலும் கிரவுனிலும் பெருகிப் பத்து மடங்குக்கு மேல் ஆகித்தான் சக்கரத்துக்கு வருகிறது. சக்கரம் முன்னோக்கிச் சுற்றினால் ஹவுசிங் பின்னோக்கிச் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த அம்பாசடரில் தனிக் கம்பி எதுவும் கிடையாது. எடையைத் தாங்குகிற அதே பட்டை ஸ்பிரிங்தான் இந்த முறுக்கையும் தாங்க வேண்டும். மிதித்ததும் பட்டையின் முன்பாதி மேலே புடைக்கிறது, பின்பாதி கீழே தொய்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் பாம்பு நெளிவது போல. டயர் ஒரு கணம் பிடியை விட்டதும் வளைந்த பட்டை நிமிர்ந்து ஹவுசிங்கை உதறுகிறது. உதறிய வேகத்தில் டயர் மறுபடி தரையைப் பிடிக்கிறது, பட்டை மறுபடி வளைகிறது. விநாடிக்கு 12 முறை. ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் போகிற ஆட்டத்தைத்தான் அடக்கும். ஹவுசிங் நின்ற இடத்திலேயே திருகிக்கொண்டால் ஷாக் நீளம் பெரிதாக மாறுவதே இல்லை. அது எதை அடக்கும்?

எவ்வளவு திருகுகிறது என்று அளக்க வேண்டும் என்று தோன்றியது. கருவி இல்லை, களிமண் இருந்தது. வாய்க்கால் களியைப் பிசைந்து ஒரு கூம்பு மாதிரி பிடித்து, கிரவுன் மூக்கின் வார்ப்பு மேல் (சுற்றுகிற ஃபிளாஞ்சின் மேல் அல்ல) ஒட்டினேன். நுனி வண்டியின் அடித்தகட்டைத் தொடும் உயரம். தகட்டில் ஒட்டிக்கொள்ளாமலிருக்கக் கொஞ்சம் விளக்கெண்ணெய். இன்னொரு கூம்பு பின் அச்சின் நடுவில், அதன் மேல். ஒரு முறை சரிவில் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், மூக்கின் கூம்பு 52 மி.மீ. நசுங்கியிருந்தது, அச்சின் கூம்பு 18. கழித்தால் மூக்கு மட்டும் தனியாக 34 மி.மீ. நிமிர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் நசுங்கியிருக்க வேண்டும் என்றில்லை, ஆகவே கணக்கு அவ்வளவு சுத்தமில்லை. இருந்தாலும் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் கிடைத்தது. இந்தப் பதிவில் எனக்கே பெருமையாக இருக்கும் ஒரே சமாசாரம் இந்தக் களிமண்தான்.

வண்டியைத் தூக்கியதில் ஒரு விபத்து மயிரிழையில் தப்பியது. தோட்டத்து ஓரம் ஜாக்கி வைத்தேன், கீழே பலகை போடவில்லை. கால் மணி நேரத்தில் ஜாக்கி மூன்று அங்குலம் களிக்குள் இறங்கி, வண்டி ஒருக்களித்துச் சரிந்தது. நான் அப்போது ஸ்பேனர் எடுக்க வெளியே வந்திருந்தேன். டெல்டா மண்ணில் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். அன்றிலிருந்து வேலையெல்லாம் ஆலையில் நெல் காயவைக்கிற சிமென்ட் களத்தில்தான். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை, சட்டத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு, அப்புறம்தான் படுப்பேன்.

பிரித்துப் பார்த்ததில் முதலில் சிக்கியது புஷ். பட்டையின் முன் கண்ணில் (நுனியில் போல்ட் நுழைகிற வளையத்தில்) இருக்கிற ரப்பர் புஷ் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. கம்பியை விட்டு நெம்பினால் கண் முன்னும் பின்னும் விரல் கனத்துக்கு நகர்ந்தது. பட்டையின் பின் நுனியை வண்டியோடு இணைக்கிற ஷாக்கிளின் புஷ்களும் அப்படியே. நீளமான போல்ட், பொருத்தமான பைப் துண்டு, வாஷர் வைத்து இறுக்கி இறுக்கிப் பழையதை வெளியே தள்ளினேன். புதியதை நுழைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். இன்னொன்று, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது கண் போல்ட்டை முழுதாக இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, எடை பட்டையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். போன தடவை அப்படித்தான் கிழிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டுகிற யூ போல்ட்டின் நட்டுகள் இரண்டு பக்கமும் அரைச் சுற்று இறங்கின. குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்கி, 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி பார்த்தேன். கால் சுற்று இடம் கொடுத்தது. களிமண் சோதனையில் 34 மி.மீ. 24 ஆனது. ஒரு இரும்புத் துண்டுகூடச் சேர்க்காமல் பத்து மில்லிமீட்டர்!

அடுத்த விஷயம் கொஞ்சம் எரிச்சலைக் கிளப்பியது. முன்பு ஒரு பட்டறையில் பட்டையை அடித்து வளைவு ஏற்றியிருக்கிறார்கள். கோர்க்கும்போது முன்பாதியில் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப்புகளைத் திரும்பப் போடவில்லை. பின்பாதியில் இருந்தது. முன்பாதியில் வெறும் அடுக்குதான். ஹவுசிங் உதறும்போதெல்லாம் பட்டைகள் விசிறி மாதிரி விரிந்து தனித்தனியாக வேலை செய்திருக்கின்றன. நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியதை ஒருவன் தலையில் வைத்த கதை. மெயின் பட்டை முறியாமல் இருந்ததே அதிசயம்.

25 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனத்தில் தட்டைக் கம்பி எடுத்து அடியிலிருந்து மடக்கி, மேலே 10 மி.மீ. போல்ட், அதன் மேல் ஒரு சிறு பைப் துண்டு செருகி, பக்கத்துக்கு இரண்டு கிளாம்ப் செய்தேன். முன்பாதிக்கு மட்டும், நன்றாக இறுக்கி. அப்போது பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்காமல் ஒரே கட்டை போல நிற்கும். பின்பாதியைத் தொடவில்லை. அங்கே பட்டைகள் வழுக்கினால்தான் பள்ளத்தில் மென்மை இருக்கும். இரண்டு பாதியையும் இறுக்கிக் கட்டிவிட்டு "வண்டி மாட்டுவண்டி ஆகிவிட்டது" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டையில் எந்தக் காரணத்துக்கும் வெல்டிங் வைக்கக் கூடாது. ஸ்பிரிங் எஃகுக்கு ஏற்றிய பதம் அந்தச் சூட்டில் போய்விடும், பிறகு அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். கிளாம்ப் போட்டதும் களிமண் எண் 17.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். காய்ந்த சரிவில் தத்தலே இல்லை. ஈரத்தில் மட்டும் மூன்று நான்கு குதி. ஆனால் கை அரித்தது.

இழுவைக் கம்பி ஒன்று செய்யலாம் என்று இறங்கினேன். யோசனை எளிது. யூ போல்ட்டின் அடித்தகட்டோடு சேர்த்து ஒரு கம்பியைப் பூட்டி, பட்டைக்குக் கீழே முன்னோக்கி நீட்டி, அதன் நுனியைப் பட்டையின் முன் கண்ணுக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்துவது. நுனிக்கும் கண்ணுக்கும் நடுவே ரப்பர் கட்டை, ஒரு சிறு இடைவெளி. ஹவுசிங் மூக்கைத் தூக்கினால் கம்பியின் நுனியும் மேலே போகும், ரப்பர் கண்ணில் முட்டும், அதற்கு மேல் திருக முடியாது. பிரேக் போடும்போது திருகல் எதிர்ப்பக்கம் என்பதால் நுனி கீழே இறங்கும், எதிலும் இடிக்காது. வண்டியில் எங்கும் துளையோ வெல்டிங்கோ தேவையில்லை. எல்லாம் போல்ட்.

முதல் ஜோடியைக் கேட் செய்கிற 2 மி.மீ. பைப்பில் செய்தேன், கையிருப்பில் இருந்தது என்பதால். இரண்டாவது ஏற்றத்திலேயே வாழைமட்டை மாதிரி மடங்கியது. அண்ணன் பார்த்துவிட்டு, "இத வச்சு கோழிக் கூண்டு வேணா செய்யலாம்" என்றார். அடுத்த ஜோடி ஒன்றரை அங்குலச் சதுரப் பைப், கனம் 4 மி.மீ. யூ போல்ட் துளைகளுக்குச் சரியாக 10 மி.மீ. தகடு வெட்டி, பைப் தகட்டில் சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் முக்கோணத் துண்டு வைத்து வெல்டிங். முறிந்தால் அந்த மூட்டில்தான் முறியும் என்பதால் அங்கே மட்டும் அவரை இரண்டு முறை ஓட்டச் சொன்னேன். தகடு கனம் கூடியதால் பழைய யூ போல்ட்டின் மரை போதவில்லை, நீளமானதாக வாங்க வேண்டியிருந்தது. நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரையாவது தெரிய வேண்டும்.

ரப்பருக்குத்தான் அதிகம் அலைந்தேன். டயரை வெட்டி அடுக்கினால் பிதுங்கியது. லாரி பம்ப் ஸ்டாப் மிகவும் பெரிது. கடைசியில் விடை நான் தினமும் காலால் தட்டிவிட்டுப் போகிற மூலையில் கிடந்தது. நெல் உமி நீக்குகிற இயந்திரத்தில் இரண்டு ரப்பர் ரோல் எதிரெதிராக வெவ்வேறு வேகத்தில் சுற்றும். தேய்ந்ததும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவோம். இரும்பு வளையத்தின் மேல் ஒட்டிய ரப்பர், தேய்ந்த பிறகும் ஓரத்தில் கனமாக இருக்கும். நெல்லின் உரசலையே தாங்குகிற சரக்கு, நகம் இறங்காத கடினம். ஹாக்சா பிளேடில் சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் வரும். வறட்டு அறுப்பு அறுத்தால் பிளேடு கவ்விக்கொள்ளும், ஆலை முழுக்க நாற்றம். கட்டையைத் தலை புதைந்த போல்ட்டால் கம்பி நுனியில் பூட்டினேன்.

இடைவெளியில்தான் சூட்சுமம். முதலில் 4 மி.மீ. வைத்தேன். தத்தல் அறவே இல்லை, ஆனால் திருவையாற்றிலிருந்து வீடு வரும்வரை ஒவ்வொரு ஒட்டுத் தாருக்கும் டக், டக், டக். மாமா வழியில் பேசவே இல்லை. இறங்கும்போது மட்டும், "நல்லா இருந்த வண்டியடா" என்றார். 12 மி.மீ. ஆக்கினேன், சத்தம் போனது. ஆனால் ஈரச் சரிவில் வலது பக்கம் மட்டும் ஓரிரு குதி மிச்சம். பையன் எடுத்த பழைய படத்தைத் திரும்பப் பார்த்தேன். ஆமாம், எப்போதும் வலச் சக்கரம்தான் முதலில் எழும்பியிருக்கிறது. பெரும்பாலான எஞ்சின்களைப் போல இதுவும் முன்னால் நின்று பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. புரொபல்லர் ஷாஃப்ட் வழியாக அந்த முறுக்கு ஹவுசிங்கின் வலப்பக்கத்தைத் தூக்கி, இடப்பக்கத்தை அமுக்கும். எடை குறைந்த வலச் சக்கரம் முதலில் பிடியை விடும். ஆகவே வலத்துக்கு 8, இடத்துக்கு 12 என்று மாற்றினேன். அவ்வளவுதான், அடங்கியது. களிமண் எண் 9.

ரப்பர் முட்டுகிற இடம் கண்ணுக்கு நேர் கீழேதான் இருக்க வேண்டும் என்பதை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். ஒரு அங்குலம் பின்னால் தள்ளி, பட்டையிலேயே முட்டினால் அந்த இடத்திலேயே பட்டை மடங்கத் தொடங்கும். கம்பிக்கு நீளம் அளக்கும்போது, பட்டைகளை நடுவில் கோர்க்கிற சென்டர் போல்ட்டிலிருந்து கண்ணின் நடுவரை, வண்டி தரையில் நிற்கும் நிலையில் அளக்க வேண்டும். தூக்கி வைத்து அளந்தால் தப்பாகும், பட்டை வளைவு மாறிவிடும்.

நஷ்டம் இல்லாமல் இல்லை. அடியில் கம்பி தொங்குவதால் தரை இடைவெளி அந்த இடத்தில் குறைந்தது. படுகையில் இரட்டைத் தடம் ஆழமாக விழுந்த பாதையில் நடு மேட்டில் இடிக்காது, ஆனால் ஓர வரப்பைச் சக்கரத்தால் தாண்டினால் உரசுகிறது. சேறு கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே அடைத்துக் காய்ந்தால் இடைவெளியே இல்லாமல் போய், மறுபடி டக் டக். மழை நாளில் வீட்டுக்கு வந்ததும் பம்புசெட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அந்த இடத்தைக் கழுவ வேண்டியிருக்கிறது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. புஷ்ஷும் கிளிப்பும் இருந்ததைத் திரும்பப் போடுவதுதான், அதில் வம்பில்லை. கம்பி அப்படியல்ல. முழுவதும் கழற்றக்கூடியதாகச் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். பதிவு புதுப்பிக்கிற நேரத்தில் ஆய்வாளரிடமே காட்டிக் கேட்கப் போகிறேன், வேண்டாம் என்றால் நான்கு யூ போல்ட், கழற்றிவிடுவேன். இதே வேலையைத் தொடங்குகிறவர் யாராவது என்னைக் கேட்டால், கம்பியைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். 34இல் பதினேழு மில்லிமீட்டர் தேய்ந்த புஷ்ஷிலும் காணாமல்போன கிளிப்பிலும் போயிருந்தது.

செலவில் பெரிய பங்கு முதலில் அவசரப்பட்டு வாங்கிய ஷாக் அப்சார்பர்தான். புஷ், யூ போல்ட், பைப், வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்தும் அதில் பாதி வரவில்லை. ரப்பர் ஓசி.

மூன்றாவது கிராஸ் இன்னும் மாற்றாமல் ஓடுகிறது. போன ஐப்பசியில் பின்சீட்டை எடுத்துவிட்டு ஆறு பூவன் தார் ஏற்றிக்கொண்டு, நல்ல தூறலில், இரண்டாவது கியரிலேயே கரை ஏறினேன். நடுவழியில் வலச் சக்கரம் கொஞ்சம் சீறிச் சுற்றியது, குதிக்கவில்லை. மேலே அண்ணன் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "டிக்கில மூட்ட இருக்கா?" என்றார். திறந்து காட்டினேன்.

இடது ஷாக்கிளில் ஒரு கிறீச் சத்தம் பாக்கி இருக்கிறது. ஜனவரி 28இல் மேட்டூர் அணையை மூடி, ஆற்றில் தண்ணீர் வடிந்து படுகை காய்ந்ததும் அதைப் பிரிக்க வேண்டும்.